சென்சாரை வாங்கும் முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் இருக்கிறீர்கள். 2008ஆம் ஆண்டின் பெட்ரோல் ஆம்னி வைத்திருக்கிறீர்கள். விடியற்காலையில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் போகிறீர்கள். வீட்டு வாசலில் முதல் சாவியிலேயே கிளம்பும் வண்டி, வழியில் உச்சிப்புளியில் தேநீருக்காகப் பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கிறது. செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது, எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. மைலேஜ் குறைந்துவிட்டது. செக் லைட் சில நாள் எரிகிறது, சில நாள் தானே அணைந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக், எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டது என்கிறார். இன்னொருவர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசிஎம்மே போயிருக்கலாம் என்கிறார். சென்சாரை நானே வாங்கி மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாற்ற முடியுமா என்பது ஒன்று. மாற்றினால் தொல்லை தீருமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இரண்டு வரி போதும். முடியும். ஸ்பானர் பிடித்துப் பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை, எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்பதே அதில் பெரிய நிபந்தனை. இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம் கடற்கரையில் சென்சார் மாற்றியும் தீராத வண்டிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, ராமநாதபுரத்தில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலையில் 27 ஆண்டுகள் இருந்தேன். தொண்டி முதல் சாயல்குடி வரை கடலை ஒட்டிய ஊர்களின் வண்டிகளே பெரும்பாலும் என்னிடம் வந்தன. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளின் ஒயரிங் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. காமன் ரெயில் டீசலில் என் பழக்கம் குறைவு. ஆகவே கீழே சொல்வதைப் பெட்ரோல் வண்டிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். எஞ்சினில் ஓடும் தண்ணீருக்குள் அதன் பித்தளை முனை நனைந்தபடி இருக்கிறது. உள்ளே ஒரு சிறு மின்தடை. குளிர்ந்தால் அதன் தடை ஏறும், சூடானால் இறங்கும். சுசுகி வண்டிகளில் 20 டிகிரியில் ஏறக்குறைய 2,400 ஓம், 80 டிகிரியில் ஏறக்குறைய 320 ஓம் காட்டும். இசிஎம் பெட்டி ஒரு ஒயர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தால் பெட்ரோலை அதிகமாக விடும். பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுத்துவிடுவோமே, அதே வேலைதான்.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் அதை ஒயரோடு இணைக்கும் பிளாஸ்டிக் செருகியான கப்ளருக்குள் செம்பு அரித்துப் பச்சை பூத்து, அந்தப் பூச்சு மட்டும் 1,500 ஓம் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் எஞ்சின் 28 டிகிரியில் இருக்கும்போது சென்சாரின் தடை 1,800 ஓம். பூச்சோடு சேர்த்து 3,300. இசிஎம் அதை 13 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கிடைப்பதால் கெடுதல் ஒன்றும் தெரியாது, வண்டி ஒரே சாவியில் கிளம்பும். எஞ்சின் சூடான பிறகு சென்சாரின் தடை 300 ஓமுக்கு இறங்கிவிடும். ஆனால் அதே 1,500 ஓம் பூச்சு அங்கேயே இருக்கிறது. கூட்டினால் 1,800. கொதிக்கும் எஞ்சினை இசிஎம் விடியற்காலை எஞ்சின் என்று நம்பி, வேண்டாத பெட்ரோலைக் கொட்டும். பிளக் நனையும், வாசனை வரும், எஞ்சின் பிடிக்காது. உங்கள் வண்டியின் நோய்க்குறிகள் அப்படியே இந்தக் கணக்கில் வந்துவிடுகின்றன, சென்சார் நன்றாக இருக்கும்போதே.

செக் லைட் வந்து வந்து போவதும் இதோடு பொருந்துகிறது. 1,500 ஓம் கூடுதலாக இருப்பதை மட்டும் வைத்து இசிஎம் விளக்கை எரிக்காது, ஏனென்றால் 1,800 ஓம் என்பது ஒரு நல்ல சென்சாரும் தரக்கூடிய அளவு. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது தொடர்பு முழுவதும் அறுந்தால்தான் இசிஎம்மில் கோடு, அதாவது பிழையைக் குறிக்கும் எண், பதிவாகும். புது வண்டிகளில் அதற்கு பி 0118 என்று பெயர். மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது, எங்கோ பாதை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பி 0117 என்றால் அதற்கு நேர்மாறாக, எங்கோ ஷார்ட். இரண்டு கோடுமே சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. அந்த ஒயரில் வரும் செய்தி சரியில்லை என்று மட்டும் சொல்கின்றன. சென்சார், கப்ளர், ஒயர், எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை), இசிஎம் ஆகிய ஐந்தில் எது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. 2008 வண்டிக்கு அந்தக் கோடுகளைக் கைப்பேசியில் காட்டும் மலிவான புளூடூத் கருவியை நம்பி வாங்கிவிடாதீர்கள். ஓபிடி இரண்டு என்ற பொது முறை நம் நாட்டில் 2013க்குப் பிறகே கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் பல அந்தக் கருவிக்குப் பதில் சொல்வதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும்.

நான் கப்ளரையே முதலில் சந்தேகிப்பதற்குக் காரணம் உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் அது நடக்கிறது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும். அதனால்தான் கடல்காற்று படிந்த கப்ளர் நட்ட நடு வெயிலிலும் முழுவதுமாக உலர்வதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்தார்கள். அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே தினமும் போய்வரும் உங்கள் வண்டியின் கப்ளருக்கு ஒரு மெல்லிய ரப்பர் வளையம்தான் காவல். பதினேழு, பதினெட்டு ஆண்டில் அது விறைத்து வெடித்திருக்கும்.

உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. பின்னால் மீன் பெட்டியிலிருந்து உருகி ஒழுகும் ஐஸ் தண்ணீர் உப்போடு தரையில் ஓடுகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது முன்னால் வருகிறது. மீன் ஏற்றும் ஆம்னிகளில் தரையை ஒட்டிப் போகும் ஒயரின் மேலுறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப்போய்ப் பொடிப்பொடியாக உதிர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்க ஒயர் புதிது போலவே இருக்கும்.

இதை நான் கற்றுக்கொள்ள ஒருவர் விலை கொடுத்தார். ஏர்வாடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிவரும் ஒரு வேன், இதே போன்ற நோயோடு என்னிடம் வந்தது. அப்போது எனக்குத் தொழிலில் ஆறேழு ஆண்டு ஆகியிருந்தது. கோடு பார்த்தேன், சென்சாரை மாற்றினேன். மறுநாள் திரும்பி வந்தார். சென்சாரே தப்பான சரக்கு என்று நினைத்து இன்னொன்று போட்டேன். மூன்றாம் நாளும் வந்தார். இசிஎம்மை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். நான்காம் நாள், வேறு எதற்கோ வண்டிக்கு அடியில் படுத்தபோது, எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டை ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். சந்தனக்கூடு நாட்களில் அவருக்கு நான்கு நாள் வருமானம் போயிருந்தது. கூலியையும் இரண்டு சென்சாரின் விலையையும் திருப்பிக் கொடுத்தேன். போன நாட்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்று முதல், அளந்து பார்க்காமல் எந்தப் பொருளையும் நான் மாற்றியதில்லை.

சரி, அளப்போம். முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். அடுத்த முறை சூட்டில் கிளம்ப மறுக்கும்போது, ஆக்சிலரேட்டரைத் தரையோடு முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி செல்ப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகள், அப்படி அழுத்தியபடி செல்ப் அடித்தால் பெட்ரோல் விடுவதை நிறுத்திவிடும். உள்ளே தேங்கியது காற்றோடு வெளியேறி, எஞ்சின் தடுமாறிக்கொண்டே பிடித்தால், பெட்ரோல் அதிகமாகிறது என்பது உறுதியாகிவிடும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். மாறாக, பெட்ரோல் வாசனையே இல்லாமல் சூட்டில் நின்றுபோகும் வண்டி என்றால் அது வேறு வழக்கு. அதற்கு கிராங்க் அல்லது கேம் நிலையைப் பார்க்கும் சென்சார், பற்றவைக்கும் காயில் இவற்றின் பக்கம் போக வேண்டும். நீங்கள் வாசனையைக் குறிப்பிட்டதால்தான் நான் இந்த வழியில் போகிறேன்.

அடுத்து, இரவு முழுவதும் ஆறிய வண்டியை விடிந்ததும் கிளப்பாமல் இருக்கையைத் தூக்குங்கள். சாவி அணைந்திருக்கட்டும். தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் இருக்கும் பகுதியை ஒட்டித் தேடினால் தண்ணீர் பாதையில் திருகிய சென்சார் கிடைக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. பல வண்டிகளில் அந்த இடத்தில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒற்றை ஒயர் போவது டேஷ்போர்டு முள்ளுக்கானது. இரண்டு ஒயர் போவதே இசிஎம்முக்கானது. முள் சரியாகக் காட்டுகிறதே, அப்புறம் சென்சார் எப்படிக் கெட்டிருக்கும் என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு. கடையில் தவறாக ஒற்றை ஒயர் சென்சாரை வாங்கி வந்தவர்களும் உண்டு.

இரண்டு ஒயர் கப்ளரின் பூட்டை நகத்தால் தூக்கி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் உடையும். வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். பச்சை அல்லது வெள்ளைப் பொடி, கறுத்த பின், ஈரம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் குற்றவாளி பாதி கிடைத்துவிட்டான். பிறகு மீட்டரை ஓம் அளவில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுச் சுழிக்கு அருகில் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு, சென்சாரின் இரண்டு பின்களில் வையுங்கள். நம் ஊர்க் காலை வெப்பத்தில் 1,700 முதல் 2,000 ஓம் வரை வந்தால் சென்சார் குளிரில் நன்றாக இருக்கிறது. பல ஆயிரம் காட்டினாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ சென்சார் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம்.

சென்சாரைத் தனியாக அளந்தால் கப்ளருக்குள் இருக்கும் பூச்சு கணக்கில் வராது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆகவே ஒயர் பக்கத்தையும் பாருங்கள். கப்ளர் கழன்றிருக்கும்போதே சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல், மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் பிடித்து, சிவப்பு முனையால் கப்ளரின் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். ஒன்றில் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். மற்றதில் ஏறக்குறைய சுழி வர வேண்டும். 5 வோல்ட் வராவிட்டால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது இசிஎம் அனுப்பவில்லை. அப்போது சென்சாரை மாற்றிப் பயனில்லை. 12 வோல்ட் பல்பு கட்டிய டெஸ்ட் லாம்பை இந்த ஒயர்களில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். இசிஎம் உண்மையாகவே போய்விடக்கூடும். ஒயரின் மேலுறையில் ஊசி குத்திப் பார்ப்பதும் வேண்டாம். அந்த ஓட்டை வழியே உப்பு உள்ளே போய் அடுத்த ஆண்டு புதிய நோயைக் கொடுக்கும்.

எர்த்தை அளக்க, கப்ளரை மாட்டி எஞ்சினைக் கிளப்பி, விளக்கையும் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதிக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1க்குக் கீழே இருந்தால் நல்லது. அதைவிட நன்றாகக் கூடினால் எர்த் பட்டையின் இரு முனைகளையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பட்டை இற்றிருந்தால் மாற்றுங்கள். அந்தச் செலவு சென்சாரைவிடக் குறைவு.

கப்ளருக்கு உப்புத்தாள் கூடாது. பின்களின் மேல் இருக்கும் வெள்ளீயப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே பச்சை திரும்பிவிடும். ஸ்பிரேயாகக் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி அடித்து, நன்றாக உலரவிடுங்கள். கிளீனரில் தீப்பற்றும் வகை உண்டு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். பிறகு மின்சாரத்துக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். பெண் பின்கள் அகன்று தளர்ந்திருந்தால் ஊசி முனையால் சற்றே நெருக்குங்கள். கப்ளருக்குப் பின்னால் ஒயர் பச்சையாக இருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போய், புது கப்ளர் துண்டை வைத்து, ஈயப்பற்று போட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயால் மூட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது நம் கரையில் ஒரு வாடைக் காலத்தைக் கூடத் தாண்டாது.

கப்ளரையும் எர்த்தையும் சுத்தம் செய்த பிறகு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். உச்சிப்புளியில் நிறுத்தி, சூட்டில் கிளப்பிப் பாருங்கள். தொல்லை போயிருந்தால் ஒரு ரூபாய்க்கும் சென்சார் வாங்க வேண்டாம். போகவில்லை என்றால் சென்சாரைக் கழற்றி முழுதாகச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. குளிரில் சரியாகக் காட்டி, சூட்டில் மட்டும் பொய் சொல்லும் சென்சார்களும் இருக்கின்றன. காலையில் எடுத்த ஓர் அளவை வைத்து அவற்றைப் பிடிக்க முடியாது.

கழற்றும் வேலையை எஞ்சின் முழுவதும் ஆறிய காலையில் மட்டும் செய்யுங்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஓடி நின்ற எஞ்சினின் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியையோ சென்சாரையோ திறந்த கணமே ஆவியாகச் சீறும். ஆம்னியில் உங்கள் முகம் நேர் மேலே இருக்கும். ஆறிய பின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்து, பிறகு மூடிவிடுங்கள். மூடியபடி இருந்தால் சென்சாரைக் கழற்றும்போது தண்ணீர் குறைவாகவே ஒழுகும். கீழே ஒரு தட்டை வையுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துவிடும். சிந்தியதைக் கழுவிவிடுங்கள்.

சென்சாருக்குப் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தும். ஆழமான சாக்கெட் இருந்தால் நல்லது, முனை வழுக்காது. அலுமினியத்தில் பித்தளை பல ஆண்டு இருந்தால், உப்பும் சேர்ந்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். முந்தைய நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெயை மரையைச் சுற்றி விட்டுவிடுங்கள். காலையில் ஒரேயடியாக முறுக்காமல், கால் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். நீங்கள் முழுப் பலம் கொடுத்தும் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அலுமினிய மரை பிய்ந்தால் நூற்றுக்கணக்கில் முடியும் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

கழற்றிய சென்சாரைச் சோதிக்க உங்கள் தொழிலிலேயே சிறந்த கருவி இருக்கிறது. ஐஸ் கட்டியை நன்றாக நொறுக்கி, ஒரு டம்ளரில் நிரப்பி, கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது சரியாக 0 டிகிரி. ஐஸ் பிளாண்டிலிருந்து வந்த சுத்தமான கட்டியாக இருக்க வேண்டும். மீன் பெட்டியில் கிடந்த ஐஸில் உப்பு இருப்பதால் அது 0க்குக் கீழே போய் அளவைக் குழப்பும். அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. மலையூர்களில் தண்ணீர் அதற்கு முன்பே கொதித்துவிடும். நாம் கடல்மட்டத்தில் இருப்பதால் இந்த எண்ணை நம்பலாம். சென்சாரின் பித்தளை முனை மட்டும் நனையும்படி பிடித்து, பின்களில் முதலைக் கிளிப் மாட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் விட்டு அளவெடுங்கள். ஐஸில் 5,000 முதல் 6,500 ஓம் வரை, கொதிநீரில் 150 முதல் 220 ஓம் வரை வந்தால் சென்சார் நல்லது. கொதிநீரில் 500, 800 என்று நின்றால் அதுதான் உங்கள் திருடன். கொதிநீரில் இருக்கும்போதே கப்ளர் பகுதியை விரலால் தட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே இணைப்பு விட்டிருக்கிறது.

புதிதாக வாங்கும் சென்சாரையும் இதே டம்ளரிலும் பாத்திரத்திலும் சோதித்த பிறகே மாட்டுங்கள். பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைவிட இந்த இரண்டு எண்களை நான் அதிகம் நம்புவேன். இணையத்தில் வாங்குவதைவிடப் பழையதைக் கையில் கொண்டுபோய் கடையில் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. மரையின் தடிமன், முனையின் நீளம், கப்ளரின் வடிவம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு நாள் தாமதமானாலும் வண்டிக் கம்பெனியின் அசல் பாகமே வாங்குங்கள் என்பேன். மலிவுச் சரக்கில் நல்லதும் உண்டு, ஆனால் எது நல்லது என்று பார்வையில் சொல்ல முடியாது. இசிஎம் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். 5 வோல்ட் வருகிறது என்றால் இந்த வேலைக்கு இசிஎம் நன்றாகவே இருக்கிறது.

மாட்டும்போது புது வாஷரோடு கையால் முழுவதும் திருகி, பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள். 15 நியூட்டன் மீட்டர் அளவு போதும். ஸ்பானரின் நுனியைப் பிடிக்காமல் நடுவைப் பிடித்து இறுக்கினால் கை எல்லை மீறாது. டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். ஒற்றை ஒயர் சென்சாருக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது என்பதால் அதில் டேப் சுற்றினால் முள்ளே பொய் சொல்லும்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் பக்கம் அதிகம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் ஊர்ப் போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் சென்சார் முனையில் ஓடாகப் படியும். ஓடு படிந்த முனை, தண்ணீர் சூடாவதைத் தாமதமாகவே உணரும். நீங்கள் கழற்றிய சென்சாரின் முனையில் வெள்ளை ஓடு இருந்தால் ரேடியேட்டரின் உள்ளேயும் அது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் கூலன்ட் எது என்று தெரியாவிட்டால் வேறொன்றைக் கலக்காமல் முழுவதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள்.

ஆம்னியில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் நடுவில். இடையே நீண்ட குழாய்கள் இருப்பதால் காற்று எளிதில் அடைத்துக்கொள்ளும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து மெதுவாக ஊற்றி, பேட்டரியை மாட்டி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும் வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். மேல் குழாய் சூடாகத் தொடங்கினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. உடனே மூடிவிடுங்கள், அதற்குப் பிறகு தொடக்கூடாது. மறுநாள் காலை ஆறிய பின் அளவு பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் குறைந்திருக்கும். முதல் நாள் ராமநாதபுரம் போகாமல் தங்கச்சிமடம் வரை போய் வாருங்கள். முள் வழக்கத்தைவிட மேலே ஏறினால் காற்று இன்னும் இருக்கிறது, நிறுத்திவிடுங்கள்.

நிறுத்திக்கொள்ள வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆம்னி எல்பிஜி ஓடுவதாக இருந்தால் அந்தக் குழாய், எரிவாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர் எதையும் தொடாதீர்கள். ரெடியூசருக்கும் இதே தண்ணீர்தான் போகிறது, அதைப் பழகியவர் பார்க்கட்டும். சென்சாரும் கப்ளரும் எர்த்தும் அளவில் சரியாக இருந்தும் பெட்ரோல் வாசனை தொடர்ந்தால் இன்ஜெக்டர் சொட்டலாம், பெட்ரோல் அழுத்தம் கூடியிருக்கலாம். அழுத்தமானி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது, வீட்டில் முயலவும் கூடாது. இருக்கைக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வண்டியில் பெட்ரோல் கசிவு என்பது உயிர் விஷயம். வாசனை வண்டி நிற்கும்போதும் வந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். நெடுநாள் இப்படியே ஓட்டினாலும் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும், சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டையும் எரித்துவிடும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

தூரத்திலிருந்து படித்துவிட்டுச் சொல்வதில் ஓர் எல்லை இருக்கிறது, தம்பி. பெட்ரோல் அதிகமாகிறது என்பதில் எனக்கு ஏறக்குறைய ஐயமே இல்லை. கப்ளர் அல்லது எர்த் என்பது என் பலமான ஊகம். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அதனால் நாளைக் காலை வண்டியைக் கிளப்பும் முன் சென்சாரின் ஓம் எவ்வளவு, சாவி போட்டதும் கப்ளரின் இரண்டு பின்களிலும் எத்தனை வோல்ட், எஞ்சின் ஓடும்போது எர்த்தில் எத்தனை வோல்ட் என்று எழுதி அனுப்புங்கள். கப்ளரின் உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுங்கள். மீன் பெட்டிக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ஒரு தகரத் தட்டு வைத்து, அதிலிருந்து ஒரு குழாயைப் பின்கதவு வழியாக வெளியே விடும் வேலையை மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே செய்துவிடுங்கள்.